பெட்டி வீட்டில், துப்பாக்கி ஸ்டேஷனில்

விற்கிற தொழிலிலேயே ரொம்பக் கஷ்டமானது எது தெரியுமா? வாங்க வந்தவரிடம் சாமானைக் காட்ட முடியாத தொழில். நான் பட்டாபிராமிலும் ஆவடி குவார்ட்டர்ஸிலும் வீடு வீடாகப் போய்த் தவணைக்குப் புடவை விற்றவள். புடவையை உதறிக் காட்டினால் பாதி வியாபாரம் முடிந்தது. "உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்குக்கா" என்று ஒரு பொய்யைச் சேர்த்தால் மீதிப் பாதியும் முடிந்தது. அந்தத் தைரியத்தில்தான் எண்பதுகளின் கடைசியில் எங்கப்பாவின் கைத்துப்பாக்கியை விற்க இறங்கினேன். புடவை விற்றவளுக்குத் துப்பாக்கி விற்கத் தெரியாதா என்ற திமிர்.

பழைய பிரிட்ஜையோ, தையல் மிஷினையோ, மாமனார் விட்டுப்போன ரேடியோவையோ விற்கப் பார்த்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தே நொந்துபோனவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். உங்கள் பிரிட்ஜை வாங்க யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம் பாருங்கள், அந்த மட்டுக்கும் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள்.

என் பங்கு

அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் தலைமைக் குமாஸ்தா. சீமைக்குக் கப்பல் ஏறிய துரை, போகும்போது தன் ரிவால்வரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெறும் ரிவால்வர் இல்லை. தேக்குப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், வெல்வெட்டில் துப்பாக்கி படுத்துக்கொள்ள அதே வடிவத்தில் ஒரு பள்ளம். பக்கத்தில் குழாய் துடைக்கிற பித்தளைக் கம்பி, கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு எண்ணெய்க் குப்பி, தோல் உறை வைத்த இடுப்பு பெல்ட். துப்பாக்கிக்குத் தந்தப் பிடி, இரும்பில் கொடியும் பூவுமாகச் செதுக்கு வேலை. அப்பா அதை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடியும் பள்ளத்தில் படுக்க வைப்பார். எங்களைத் தொட்டிலில் போட்டபோதுகூட அவ்வளவு பதமாகப் போட்டிருப்பாரா, சந்தேகம்தான்.

அப்பா காரியம் முடிந்த கையோடு பாகம் பிரித்தோம். அண்ணனும் நானும், இரண்டே பேர். வில்லிவாக்கம் வீடு அண்ணனுக்கு. அண்ணி அதற்குள் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டாள். எனக்குத் துப்பாக்கி. அப்போது நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பட்டாபிராமில் அரைகுறையாகக் கட்டிய வீட்டுக்கு வந்திருந்தோம். சுவர் எழும்பிவிட்டது, தண்ணீர்தான் இல்லை. நாலு வீடு தள்ளிக் கன்னியம்மா வீட்டுக் கிணற்றில் இறைத்து, இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். வாசலில் ஒரு அடிபம்பு போட வேண்டும், இதுதான் எனக்கு அப்போது சொர்க்கம். அந்தத் துப்பாக்கியை விற்றால்தான் அது நடக்கும். வீட்டில் எனக்கு ஒன்றும் கிடையாதா என்று கேட்டதற்கு அண்ணன் என் தலையைத் தடவிக் கொடுத்துச் சொன்னார்: "வீடுன்னா வருஷா வருஷம் வெள்ளையடிக்கணும், வரி கட்டணும். உனக்கு அந்தத் தொல்லையே வேணாம்னுதான் வசந்தா."

தயிர்சாதத்துக்கு அடியில்

லைசென்ஸ் அப்பா பேரில் இருந்தது. அவர் போய்விட்டதால், லைசென்ஸ் உள்ள யாராவது வாங்குகிற வரைக்கும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். வில்லிவாக்கத்திலிருந்து எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவருகிற பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு ஆவடியில் டாங்கி செய்கிற பாக்டரியில் வேலை. பகலெல்லாம் பீரங்கிக்கு நட்டு முடுக்குகிற மனுஷன், சாண் நீள ரிவால்வரைப் பார்த்ததும் வேர்த்து விறுவிறுத்துப் போனார். தோட்டா ஒன்றுகூடக் கிடையாது என்று தலையிலடித்துச் சொன்னேன், கேட்கவில்லை. சாப்பாட்டுக் கூடையில் துண்டு சுற்றித் துப்பாக்கி, அதன் மேல் தயிர்சாத டப்பா, அதற்கும் மேல் ஊறுகாய் பாட்டில். காலிப் பெட்டியைப் புடவைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நான். எலெக்ட்ரிக் ட்ரெயினில் கூடையை மடியில் வைத்து, ஜுரம் வந்த பிள்ளையைப் பிடித்திருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்பத்தூரில் அவருடைய பாக்டரி சிநேகிதர் ஏறினார். வாசனை பிடித்து, "இன்னா மச்சான், எலுமிச்சங்கா ஊறுகாவா?" என்று கூடைக்குள் கையை விட்டார். என் வீட்டுக்காரர் "கைய எடுறா, வெடிச்சிரும்!" என்று கத்தியதில் எதிர்சீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. சிநேகிதர் முகம் சுண்டிப்போய் அடுத்த ஸ்டேஷனிலேயே வேறு கம்பார்ட்மெண்டுக்குப் போய்விட்டார். ஒரு துண்டு ஊறுகாய்க்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று பாக்டரி கேன்டீனில் ரொம்ப நாளைக்குப் பேச்சு.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரரை ரைட்டர் என்பார்கள். எங்கள் ரைட்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்தார். அதை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "சார், இதுவும் அதோட சேர்ந்ததுதான்" என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "சுடுறதுக்குத்தாம்மா லாக்கப்பு. பொட்டியும் பெல்ட்டும் ஒரு தப்பும் பண்ணல, ஊட்டுக்கு இட்டுக்கினு போங்க."

மவுண்ட் ரோடு

துப்பாக்கி வாங்கி விற்கிற கடை மவுண்ட் ரோட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் துப்பாக்கி எங்கே என்றே கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தார், மூடினார், கீலைத் தட்டினார், வெல்வெட்டை மோந்து பார்த்தார். புடவைக் கடையில் ஜரிகையைத் தேய்த்துப் பார்க்கிற மாமிகளுக்குக்கூட இவ்வளவு நிதானம் வராது. கடைசியில் தீர்ப்பு சொன்னார். இந்தத் துப்பாக்கி தனியாக வந்தால் பழைய இரும்பு. பெட்டி, பெல்ட், கம்பி, குப்பி என்று செட்டாக வந்தால், இதையெல்லாம் சேர்த்து வைக்கிற பைத்தியங்கள் அடித்துப் பிடித்து வாங்கும். ஒரு சாமான் குறையக் கூடாது, செதுக்கு வேலையில் ஒரு கீறல் விழக் கூடாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே என் காதில் அடிபம்பு 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. "அப்படின்னா நீங்களே எடுத்துக்கங்களேன் சார்" என்றேன். அவர் பெட்டியைத் துடைத்து என் கையில் கொடுத்துச் சொன்னார்: "நான் வியாபாரிம்மா, பைத்தியம் இல்ல."

உதிரி பாகம்

வசந்தா வீட்டில் துப்பாக்கி விற்பனைக்கு இருக்கிறது என்று விஷயம் பரவியது. ஜனம் வந்தது. என்ன பிரயோஜனம், துப்பாக்கி வேண்டும் என்று ஒரு ஜீவன் வரவில்லை. தையல் மிஷின் ரிப்பேர்க்காரர் எண்ணெய்க் குப்பியைக் கேட்டார், மூக்கு சன்னமாக இருக்கிறதாம். பஜனையில் புல்லாங்குழல் வாசிக்கிற போஸ்ட் ஆபீஸ் கிளார்க் பித்தளைக் கம்பியைக் கேட்டார், குழலுக்குள் எறும்பு போய்விடுகிறதாம். செட்டு உடைந்தால் என் பம்பு உடைந்தது என்று எல்லாரையும் காபியோடு அனுப்பி வைத்தேன். அந்த மாதம் சர்க்கரை மட்டும் எவ்வளவு போனது என்று கேட்காதீர்கள்.

பாக்டரி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறவர் ஒருத்தர் வந்து பெல்ட்டுக்காக ஒற்றைக் காலில் நின்றார். இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டுகிறவருக்கு வேண்டுமாம். "அப்ப துப்பாக்கி வேண்டாமா சார்? இன்ஸ்பெக்டர் துப்பாக்கி இல்லாமலா வருவாரு?" என்று வலை விரித்துப் பார்த்தேன். அவர் அலுத்துக்கொண்டு சொன்னார்: "துப்பாக்கி மரத்துல செஞ்சி கறுப்பு பெயிண்ட் அடிச்சாச்சும்மா. போன வருஷம் அதைப் பாத்து யாரும் சிரிக்கல, இன்ஸ்பெக்டர் பேன்ட் அவுந்தப்பதான் சிரிச்சாங்க."

சீர்வரிசை

கிணற்றுக்காரி கன்னியம்மாவிடம் நான் மறுத்து வாயே திறக்க முடியாது. அவள் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அப்படிப்பட்டவள் ஒரு நாள் வந்து, "இன்னா வசந்தாம்மா, அந்த செவப்பு பொட்டிய ரெண்டு நாளைக்கு குடேன். பொண்ணுக்கு சீர் எடுத்துக்கினு போணும். தட்டுல வெச்சா சாதாவா கீது" என்றாள். மறுக்க முடியுமா? பெல்ட்டையும் கம்பியையும் குப்பியையும் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்தேன். குழாய் படுக்கிற பள்ளத்தில் கொலுசை நீட்டி வைத்தாள், பிடி படுக்கிற பள்ளத்தில் குங்குமச்சிமிழ். அவளுக்கு அது வெறும் பள்ளம்தான்.

மாப்பிள்ளை வீடு திருவேற்காட்டில். நிச்சயத்திலிருந்தே ஸ்கூட்டர், ஸ்கூட்டர் என்று கன்னியம்மாவின் பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி பெட்டியைத் திறந்தார். கொலுசை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். பள்ளத்தைப் பார்த்தார். விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். "இதுல... இதுல இருந்த சாமான் எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். கன்னியம்மா கள்ளங்கபடமில்லாமல், "அத்த போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சிக்கினாங்க. பொட்டிய மட்டும் உட்டுட்டாங்க" என்றாளாம்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கன்னியம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "எவ்ளோ தங்கமான மனுசங்க வசந்தாம்மா! ஸ்கூட்டர் பேச்ச நான் எடுத்தாகூட, 'ஐயோ வாணாம்மா, எங்க புள்ளைக்கி பஸ்ஸு போதும்'னு கும்புடுறாங்க!"

கூட்டுத்தொகை

ஒருவழியாக நிஜமாகவே லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருவர் கிடைத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை முதலாளி. பெட்டி பிடித்தது, பெல்ட் பிடித்தது, விலையும் பிடித்தது. அன்றைக்கு அண்ணன் வந்திருந்தார். மாதம் ஒருமுறை வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, "இன்னும் போகலியா?" என்று கேட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். முதலாளி விலைக்குத் தலையாட்டியதைப் பார்த்து அண்ணனுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. எனக்கு அதுவே ஒரு குடம் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

முதலாளியைத் துப்பாக்கி பார்க்க ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். அவருடைய கார் நம்பர், போன் நம்பர், கல்யாணத் தேதி எல்லாமே கூட்டினால் ஆறு வருமாம். ரைட்டர் பீரோவிலிருந்து துப்பாக்கியை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் பொறித்திருந்த நம்பரை முதலாளி விரல்விட்டுக் கூட்டினார். இரண்டாம் தடவையும் கூட்டினார். முகம் கறுத்துவிட்டது. எட்டு. சனி. "சார்," என்று ரைட்டர் பக்கம் குனிந்து ரகசியமாக, "இந்த ஒரு நம்பரை மட்டும் அரம் போட்டு மாத்திக்கலாமா? பட்டறை நம்மளுதுதான், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். துப்பாக்கி நம்பரை மாற்றுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கே தெரியும். ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு, போலீஸ்காரரிடமே கேட்கிறார் பாவி மனுஷன். ரைட்டர் கோபமே படவில்லை.

"தாராளமா மாத்துங்க சார். உள்ள போனதும் உங்களுக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க, அது ஆறு வருதான்னு கூட்டிப் பாத்துக்கலாம்."

சந்தனம், குங்குமம்

பட்டறை முதலாளி போன வேகத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. கொஞ்ச நாள் புடவையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு ஆயுத பூஜையன்று அந்தப் பக்கம் போனபோது ஸ்டேஷன் வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், பூசணிக்காய். ஹெட் கான்ஸ்டபிள் வாயெல்லாம் பல்லாக, "வாங்கம்மா வாங்க, உங்களுது எப்பிடி கீதுன்னு வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். உள்ளே மேஜையில் லத்தி, விலங்கு, பெரிய துப்பாக்கிகள் எல்லாம் வரிசையாக. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு மணையில், சாமந்தி மாலை போட்டுக்கொண்டு எங்கப்பா துப்பாக்கி.

ஒரு நிமிஷம் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எங்கப்பாவுக்கே படத்துக்கு இவ்வளவு பெரிய மாலை நாங்கள் போடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். செதுக்கிய பூவெல்லாம் தெரியாதபடிக்கு ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். முந்தானையால் லேசாகத் துடைத்தேன். புதுச் சந்தனத்துக்கு அடியில் போன வருஷச் சந்தனம், காய்ந்து மண்ணாக. அதற்கும் அடியில் அதற்கு முந்தின வருஷத்தது. சாமிக்கு வைத்த பொட்டை மனுஷர்கள் துடைக்கக் கூடாதாம், தானாக உதிர வேண்டுமாம். அது உதிரவில்லை, இரும்பு உதிர்ந்திருந்தது. பூ இருந்த இடத்தில் துரு அரித்து, அம்மை வார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கீறல் விழக் கூடாது என்றாரே மவுண்ட் ரோட்டுக்காரர்! யாரைத் திட்டுவது? பக்தியைத் திட்ட முடியுமா? கையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். என் பம்பு போச்சே, போச்சே என்று நான் புலம்பியது அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹெட் கான்ஸ்டபிளுக்கு மனசு தாங்கவில்லை. சமாதானம் சொன்னார்: "அழுவாதீங்கம்மா. மத்ததுக்கெல்லாம் ஒரே ஒரு பொட்டுதான் வெச்சோம். உங்களுதுல லட்சுமி களை கீதுன்னு ஒடம்பு பூரா சாத்தினோம்."

கியூ

எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லாரும் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொண்டு போகலாம். அந்த வருஷங்களில் ஆட்சி கவிழ்வதற்கும் எலெக்‌ஷன் வருவதற்கும் கணக்கே இல்லை. அப்படி ஒன்று வந்தபோது எனக்குப் பொறி தட்டியது. இத்தனை நாளாக லைசென்ஸ்காரர்களைத் தேடி நாயாக அலைகிறேனே, சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்கள் அத்தனை பேரும் ஒரே வாசலில் கியூவில் நிற்கப் போகிறார்கள்! துருவேறினாலும் துப்பாக்கி துப்பாக்கிதான், அகப்பட்ட விலைக்குத் தள்ளிவிடலாம் என்று பெட்டியை ஒரு கையிலும், எதற்கும் இருக்கட்டும் என்று புடவைப் பையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு போனேன். ஒருத்தர் துப்பாக்கியைத் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இன்னொருத்தர் குடைத் துணியில் சுற்றி. பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டே கியூவின் நீளத்துக்கும் நடந்தேன். ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், "இருக்கிற ஒண்ணையே குடுத்து வாங்கிக் குடுத்து வாங்கி நாக்கு தள்ளுதும்மா, இன்னொண்ணா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் அவர் சம்சாரத்துக்கு ஒரு மாம்பழ மஞ்சள் புடவை வாங்கிக்கொண்டார்.

கியூவின் கடைசியில் பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு நாயுடு, ரைஸ் மில் வைத்திருப்பவர். என் பெட்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த மூட்டையை அவிழ்த்தார். உள்ளே அதே தந்தப் பிடி, அதே கொடி, அதே பூ, ஒரு துளி துருவில்லாமல்! அவருடைய தாத்தா வாங்கியதாம். மழைக்கு விறகு இல்லாத ஒரு நாள் வீட்டில் யாரோ பெட்டியைப் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டார்களாம். தன் துப்பாக்கியை என் பெட்டிப் பள்ளத்தில் வைத்தார். அச்சு மாதிரி உட்கார்ந்தது. அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "துப்பாக்கி எனக்கு வாணாம்மா. இந்தப் பொட்டி, பெல்ட்டு, கம்பி, குப்பி, இதெல்லாம் குடுங்க" என்றார்.

செட்டை உடைக்கிறோமே என்று ஒரு கணம் கை கூசியது. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை ஞாபகமும் வந்தது. ஆனால் அப்பா துப்பாக்கி சாமியாகிவிட்டது, நாளைக்குக் காலையில் குடம் தூக்கப் போகிறவள் நான். புடவை விற்கிற வாயால் பேரம் பேசினேன், கன்னியம்மா கிணற்றுப் பக்கம் இனி தலை வைத்துப் படுக்க வேண்டாத அளவுக்கு விலை படிந்தது. பெட்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் வேண்டாம். அங்கேயே கைக்குக் கை. நாயுடு துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கியூவில் நகர்ந்தார். ரைட்டர் பெட்டியைத் திறந்தார், துப்பாக்கியை எடுத்து உள்ளே வைத்தார், காலிப் பெட்டியை நாயுடு பக்கம் தள்ளினார். படியிறங்கி வந்த நாயுடு திறந்த பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்: "இன்னாம்மா இது, ஒங்க கஷ்டத்தையும் சேத்து வித்துட்டீங்களே!"

தண்ணீர்

அடுத்த வாரமே குழாய் இறக்கினோம். முதலில் சேறு, அப்புறம் மணல், அப்புறம் கலங்கல், அப்புறம் கண்ணாடி மாதிரி தண்ணீர். நானே அடித்தேன். தெரு முழுக்க நின்று பார்த்தது. என் வீட்டுக்காரர் குடம் நிரம்பி வழிந்தும் போதும் என்று சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா என்று தெரியவில்லை. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கால் கழுவினார், முகம் கழுவினார், ஒரு சொம்பு குடித்தார். வில்லிவாக்கம் வீட்டுக் குழாயில் அப்போது காற்றுதான் வந்துகொண்டிருந்தது. "துப்பாக்கி நல்ல விலைக்குத்தான் போயிருக்கு" என்றார், குரலில் கொஞ்சம் புளிப்போடு.

"துப்பாக்கி போகலண்ணா. பெட்டியும் சாமானும்தான் போச்சு."

அண்ணன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார். பிறகு குரல் குழைய, என் தலையைத் தடவிக் கொடுத்துக் கேட்டார்: "அப்ப துப்பாக்கி இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு? அப்படின்னா அதுல எனக்குப் பாதி வரணுமே வசந்தா?"

துப்பாக்கி வைத்திருப்பவரிடம் ஒருத்தரும் நெருங்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த நாலு வருஷத்தில் என்னிடம் நெருங்காமல் இருந்தது அந்தத் துப்பாக்கி ஒன்றுதான்.